கேமல்ஃபோர்டு குடிநீர் மாசுபாடு (1988)

கேமல்ஃபோர்டு குடிநீர் மாசுபாடு என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் மாவட்டத்தில் 1988 ஜூலை 6 அன்று நிகழ்ந்த இரசாயன மாசுபாடு. நீரைத் தெளிய வைக்கப் பயன்படும் அலுமினியம் சல்பேட் கரைசல் சுமார் 20 டன், தவறுதலாக, ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்டு வீடுகளுக்குச் செல்லத் தயாராக இருந்த நீர்த்தொட்டியில் ஊற்றப்பட்டது. சுமார் 20,000 உள்ளூர் மக்களும், கோடை விடுமுறைக்கு வந்திருந்த 10,000 வரையிலான சுற்றுலாப் பயணிகளும் அந்த நீரின் வழங்கல் பகுதிக்குள் இருந்தனர். என்ன கலந்தது என்பதை நீர் ஆணையம் இரண்டு நாட்களில் அறிந்துகொண்டது. ஆனால் மக்களுக்கு அது தெரிய வந்தது 16 நாட்களுக்குப் பிறகே. பிரிட்டனின் குடிநீர் வரலாற்றில் இந்நிகழ்வு நினைவுகூரப்படுவதற்கு விபத்தின் அளவைப் போலவே இந்த மௌனமும் காரணம்.

ஊரும் நீரும்

கேமல்ஃபோர்டு, போட்மின் மூர் எனப்படும் மேட்டு நிலத்தின் வடமேற்கு விளிம்பில் உள்ள சிறிய ஊர். கேமல் ஆறு ஊரின் ஊடாக ஓடுகிறது. மேட்டு நிலத்தில் உள்ள கிரௌடி நீர்த்தேக்கத்திலிருந்து எடுக்கப்படும் நீர், அருகிலுள்ள லோவர்மூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கேமல்ஃபோர்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் குழாய் வழியே சென்றது. வடக்கு கார்ன்வாலின் கடற்கரை விடுமுறைக்குப் பெயர் பெற்றது. ஜூலை மாதத்தில் அங்கே மக்கள்தொகை பெருகும்.

போட்மின் மூர் கருங்கல் பாறையும் கரிச்சேற்று நிலமும் கொண்ட பகுதி. சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் நீர் கடினமாக இருக்கும். அதில் கரைந்துள்ள உப்புகள் அமிலத்தை ஓரளவு ஈடுகட்டும். கருங்கல் நிலத்து நீர் மென்மையானது, இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது, அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்தது. ஜூலை 6-இல் நடந்ததன் விளைவு கடுமையாக இருந்ததற்கு நீரின் இந்த இயல்பும் ஒரு காரணம்.

படிகாரத்தின் வேலை

கலங்கிய நீரைத் தெளியவைக்கப் படிகாரத்தைப் பயன்படுத்துவது பழைய முறை. தமிழ்நாட்டு வீடுகளிலும் ஆற்று நீர் கலங்கி வரும் காலத்தில் படிகாரக் கட்டியை நீரில் சுழற்றுவதும், பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பதும் வழக்கமாக இருந்தன. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் இதே வேலையை அலுமினியம் சல்பேட் செய்கிறது.

கலங்கல் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. அவை ஒன்றையொன்று விலக்குவதால் எளிதில் அடியில் படிவதில்லை. அலுமினியம் சல்பேட் சேர்த்தால் அந்த மின்னூட்டம் சமன் ஆகிறது. கூடவே பசை போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு உருவாகி, துகள்களைத் தன்னோடு சேர்த்துத் திரளாக்குகிறது. திரள்கள் வண்டலாகப் படிகின்றன. மிஞ்சியவை மணல் வடிப்பானில் தங்குகின்றன. சேர்த்த அலுமினியத்தில் பெரும்பகுதி இந்த வண்டலோடு வெளியேறிவிடும். அதன் பிறகு நீரின் அமிலத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்பும், கிருமிகளைக் கொல்லக் குளோரினும் சேர்க்கப்படும். குளோரின் செயல்படப் போதிய நேரம் வேண்டும் என்பதால், நீர் ஒரு தொட்டியில் சற்று நேரம் தேங்கியிருந்து பிறகு விநியோகத்துக்குச் செல்லும்.

அலுமினியம் சல்பேட் சேர்க்கப்பட வேண்டிய இடம் இந்த வரிசையின் தொடக்கம். குளோரின் தொட்டி வரிசையின் முடிவு. தொடக்கத்தில், சிறு அளவில், அளந்து சேர்த்தால் நீரைத் தூய்மையாக்கும் பொருள், முடிவில் மொத்தமாகச் சேர்ந்தால் வடிகட்டப்படாமல் நேரே வீட்டுக் குழாய்க்குச் செல்லும்.

ஜூலை 6 மாலை

1988 ஜூலை 6 புதன்கிழமை மாலை அலுமினியம் சல்பேட் கரைசலை ஏற்றிய டேங்கர் லாரி ஒன்று லோவர்மூர் நிலையத்துக்கு வந்தது. வழக்கமாக வரும் ஓட்டுநருக்குப் பதிலாக வந்தவர் அந்த நிலையத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. வழக்கமான ஓட்டுநர் அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்து, உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் உள்ள தொட்டி என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அவர் வந்த நேரத்தில் நிலையத்தில் பணியாளர் எவரும் இல்லை.

அந்தச் சாவி வாயிற்கதவைத் திறந்தது. ஆணையத்தின் நிறுவனங்களில் இருந்த ஏறத்தாழ எல்லாப் பூட்டுகளுக்கும் அதே சாவிதான் பொருந்தும் என்பது பின்னர் தெரிந்தது. அதனால் அது குளோரின் தொட்டியின் மூடியையும் திறந்தது. எந்தத் தொட்டி எதற்கு என்று காட்டும் பெயர்ப்பலகை இல்லை. ஓட்டுநர் தான் திறந்த தொட்டிக்குள் சரக்கை முழுவதும் இறக்கிவிட்டுச் சென்றார்.

தவறு ஒருவரின் கையால் நடந்தது. ஆனால் அந்தக் கை தவறுவதற்கான வழிகள் முன்பே திறந்து கிடந்தன: ஆளில்லாத நிலையம், பெயரில்லாத தொட்டிகள், எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, சரக்கைப் பெற்றுக் கையெழுத்திட யாரும் இல்லாத நடைமுறை. இவற்றில் ஏதேனும் ஒன்று வேறாக இருந்திருந்தாலும் அன்று மாலை லாரி சரியான இடத்தில் காலியாகியிருக்கும், அல்லது காலியாகாமல் திரும்பியிருக்கும்.

குழாய்களுக்குள் நடந்தது

அன்று மாலையே புகார்கள் வரத் தொடங்கின. நீர் வாயில் கூசியது. உதடும் விரல்களும் ஒட்டுவது போல் இருந்தன. அலுமினியம் சல்பேட் நீரில் கரையும்போது கந்தக அமிலம் உருவாகிறது. வழக்கமான அளவில் அதைச் சுண்ணாம்பு ஈடுகட்டிவிடும். ஒரே நேரத்தில் 20 டன் கரைசல் மென்னீரில் கலந்தபோது ஈடுகட்ட எதுவும் இல்லை.

அமில நீர் இரும்புப் பெருங்குழாய்களில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படிவுகளைக் கரைத்தது. வீடுகளுக்குள் இருந்த செம்புக் குழாய்களிலிருந்து செம்பையும், பழைய இணைப்புகளிலிருந்து ஈயத்தையும் அரித்து எடுத்தது. ஆகவே மக்களின் குவளைக்கு வந்தது அலுமினியம் மட்டுமல்ல. ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த உலோகக் கலவை. சிலருக்குக் குளித்த பின் தலைமுடி பச்சை நிறமானது. அது செம்பின் வேலை.

அளக்கப்பட்டவற்றுள் மிக அதிகமான அலுமினிய அளவு ஒரு லிட்டருக்கு 620 மில்லிகிராம். அன்று ஐரோப்பிய சமூகம் அனுமதித்திருந்த உச்ச அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அதாவது மூவாயிரம் மடங்குக்கும் மேல்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், தோல் தடிப்பு, மூட்டுவலி ஆகியவை முதல் நாட்களில் மக்கள் தெரிவித்த பாதிப்புகள். பின்னர் நினைவாற்றல் குறைவு, கவனம் செலுத்த முடியாமை, நீடித்த சோர்வு ஆகியவற்றையும் பலர் கூறினர்.

ஆணையம் குழாய்களைக் கழுவி அந்த நீரை வெளியேற்ற முற்பட்டது. வெளியேறிய நீர் கேமல், ஆலன் ஆறுகளில் சேர்ந்தது. அமிலத்தையும் அலுமினியத்தையும் மீனின் செவுள்கள் தாங்குவதில்லை. சால்மன், டிரவுட் வகை மீன்கள் 60,000 வரை இறந்தன. குடிநீரில் ஏதோ பெரிதாகத் தவறியிருக்கிறது என்பதற்கு ஊர் மக்கள் கண்ணால் கண்ட சான்று செத்து மிதந்த இந்த மீன்கள்.

பதினாறு நாட்கள்

தென்மேற்கு நீர் ஆணையம் அன்று அரசுக்குச் சொந்தமான அமைப்பு. சுண்ணாம்பு சேர்க்கும் கருவியில் பழுது என்றே அதன் ஊழியர்கள் முதலில் எண்ணினர். இரண்டு நாட்களுக்குள் உண்மையான காரணம் அவர்களுக்குப் புலப்பட்டது. பகுதி மேலாளருக்கு அலுமினியம் பற்றித் தெரிந்திருந்தும், அதைப் பொதுமக்களிடம் சொல்ல வேண்டாம் என்று மேலிடம் அவருக்கு உத்தரவிட்டது பின்னாளில் வெளியானது.

தொலைபேசியில் கேட்டவர்களுக்கு நீர் பாதுகாப்பானது, குடிக்கலாம் என்று பதில் கிடைத்தது. சுவை பிடிக்காவிட்டால் ஆரஞ்சுச் சாற்றுடன் கலந்து குடிக்கலாம் என்ற அறிவுரையும் தரப்பட்டது. இந்த அறிவுரை சாதாரணமானதாகத் தோன்றலாம். ஆனால் உணவுக்குழாய் வழியே செல்லும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடல் உறிஞ்சுகிறது. ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் அந்த உறிஞ்சலைக் கூட்டக்கூடியது. சுவையை மறைக்கச் சொன்ன வழி, நீரில் இருந்த பொருள் உடலுக்குள் செல்வதையும் எளிதாக்கியிருக்கலாம்.

ஆணையத்தின் அறிவிப்பு ஒன்று, நீர் எலுமிச்சைச் சாற்றைவிட அதிக அமிலத்தன்மை கொண்டதல்ல என்றது. அமில அளவை மட்டும் பார்த்தால் அது பொய்யன்று. எலுமிச்சைச் சாறு இன்னும் புளிப்பானதுதான். ஆனால் எலுமிச்சைச் சாற்றில் குழாயிலிருந்து கரைந்த செம்பும் ஈயமும் இருப்பதில்லை. அதை யாரும் நாள் முழுவதும் குவளை குவளையாகக் குடிப்பதும், குழந்தைக்குப் பால் கரைப்பதும், சமைப்பதும் இல்லை. கேள்விக்குரிய பொருளை விட்டுவிட்டு, கேட்கப்படாத ஒன்றுக்கு உண்மையான பதில் சொல்லும் உத்தி அது.

நீரில் கலந்தது அலுமினியம் சல்பேட் என்ற செய்தி ஜூலை 22 அன்று வெளியானது. வட்டார நாளிதழான வெஸ்டர்ன் மார்னிங் நியூஸின் விளையாட்டுப் பக்கங்களில் இடம்பெற்ற அறிவிப்பு அது. அதுவரை உள்ளூர் மருத்துவர்கள் தங்களிடம் வந்தவர்களின் நோய்க்குக் காரணம் தெரியாமலே மருத்துவம் பார்த்தனர்.

மௌனத்தின் விலை அந்த 16 நாட்களோடு முடியவில்லை. அந்த நாட்களில்தான் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நீர் மாதிரியும், நோயுற்றவர்களிடமிருந்து இரத்தம், சிறுநீர் மாதிரிகளும் எடுத்திருக்க முடியும். யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதை நினைவு மங்காத நிலையில் பதிவு செய்திருக்க முடியும். சுற்றுலாப் பயணிகள் ஊர் திரும்பிவிட்டனர். அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்பதைப் பின்தொடர வழியே இல்லாமல் போனது. பின்னர் நடந்த எல்லா மருத்துவ விவாதங்களும் இந்த வெற்றிடத்தில்தான் நடந்தன.

தனியார்மயத்தின் நிழல்

1988-இல் மார்கரெட் தாட்சர் தலைமையிலான அரசு இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 10 நீர் ஆணையங்களையும் தனியாருக்கு விற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. இதற்கான நீர்ச் சட்டம் 1989-இல் நிறைவேறியது. அந்த ஆண்டின் இறுதியில் பங்குகள் விற்பனைக்கு வந்தன. ஒரு நீர் ஆணையம் மக்களுக்கு நச்சு கலந்த நீரை வழங்கியது என்ற செய்தி, முதலீட்டாளர்கள் விலை கணித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தது.

பிற்காலத்தில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த ஆவணங்கள் இந்தத் தொடர்பைக் காட்டின. அப்போது நீர்த்துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் மைக்கேல் ஹோவர்டுக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்று, கேமல்ஃபோர்டு தொடர்பாக வழக்குத் தொடுப்பது தனியார்மயத்துக்கு உதவாது என்றும், இலண்டன் நிதிச்சந்தையின் கண்ணில் நீர்த்துறை முழுவதையும் கவர்ச்சியற்றதாக்கிவிடும் என்றும் எச்சரித்தது. 16 நாள் மௌனம் முழுவதும் இந்த அச்சத்தால் மட்டுமே நேர்ந்தது என்று இதைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆனால் நிகழ்வுக்குப் பின் அதிகாரத்தில் இருந்தவர்கள் எவற்றை எடைபோட்டார்கள் என்பதற்கு இது எழுத்துச் சான்று.

வழக்கும் இழப்பீடும்

குடிக்கத் தகாத நீரை வழங்குவது அன்று தனிச்சட்டத்தின்படி குற்றமாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. எனவே ஆணையத்தின் மீது, பொதுமக்களுக்குத் தொல்லை விளைவித்தல் என்ற பழைய பொதுச்சட்டக் குற்றத்தின் கீழ் வழக்கு நடந்தது. 1991-இல் எக்ஸிடர் நீதிமன்றம் ஆணையத்தைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, 10,000 பவுண்டு அபராதமும் 25,000 பவுண்டு வழக்குச் செலவும் விதித்தது.

இழப்பீடு இரண்டு கட்டங்களாக வந்தது. முதலில் ஏறத்தாழ 500 கோரிக்கைகளுக்கு மொத்தம் 1,23,000 பவுண்டு அளவில் கொடுக்கப்பட்டது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு 250 பவுண்டு கூட இல்லை. நீண்டகால பாதிப்பைக் கோரிய 148 பேர், 1990-களில் நீதிமன்றத்துக்கு வெளியே ஏற்பட்ட உடன்பாட்டின் மூலம் ஏறத்தாழ 4,00,000 பவுண்டு பெற்றனர்.

மருத்துவ விசாரணைகள்

அலுமினியம் மூளைக்குத் தீங்கானதா என்ற கேள்வி 1988-இல் புதியதல்ல. 1970-களில் சிறுநீரகச் சுத்திகரிப்பு சிகிச்சை பெற்ற நோயாளிகளில் சிலருக்குப் பேச்சுக் குழறலும் மறதியும் வலிப்பும் ஏற்பட்டன. சிகிச்சைக்குப் பயன்பட்ட நீரில் இருந்த அலுமினியமே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஆனால் அந்த நோயாளிகளின் இரத்தத்தில் அலுமினியம் குடலைக் கடக்காமல் நேரடியாகக் கலந்தது. அதை வெளியேற்றும் சிறுநீரகமும் அவர்களுக்கு வேலை செய்யவில்லை. நலமான சிறுநீரகம் உள்ளவர் சில நாட்கள் மிக அதிக அளவு அலுமினியத்தைக் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்மாதிரி இல்லை.

அரசு நியமித்த முதல் மருத்துவக் குழுவுக்கு டேம் பார்பரா கிளேட்டன் தலைமை வகித்தார். 1989-இல் வெளியான அதன் முதல் அறிக்கை, தொடக்கத்தில் தோன்றிய உடனடிப் பாதிப்புகளுக்கு நிகழ்வு காரணமாக இருக்கலாம் என்றது. நீண்டகால பாதிப்பு ஏற்பட வாய்ப்பில்லை என்றது. 1991-இல் வந்த இரண்டாம் அறிக்கையும் ஏறத்தாழ அதே முடிவுக்கே வந்தது. மக்கள் கூறிய நீடித்த நோய்க்குறிகளை நச்சின் விளைவாகக் கொள்ளச் சான்று இல்லை. நீண்ட மனக்கவலை அவற்றுக்குக் காரணமாகலாம் என்பது அதன் நிலை. தங்கள் நோயைக் கற்பனை என்று ஒதுக்கிவிட்டதாகவே ஊர் மக்களில் பலர் இதை எடுத்துக்கொண்டனர்.

இதற்கிடையே 1990-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாசுபட்ட நீரைக் குடித்த இருவரின் எலும்பில் அலுமினியம் படிந்திருந்ததை அது காட்டியது. உடலுக்குள் அலுமினியம் உறிஞ்சப்பட்டது என்பதற்கு இது நேரடிச் சான்று.

1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு விவாதத்தை மீண்டும் திறந்தது. மூளை பாதிப்பு ஏற்பட்டதாகக் கூறிய 55 பேரிடம் உளவியல் தேர்வுகளும், கண்ணில் படும் ஒளித்தூண்டலுக்கு மூளை எவ்வளவு நேரத்தில் மறுவினை காட்டுகிறது என்ற சோதனையும் நடத்தப்பட்டன. அந்தப் பகுதியில் வசிக்காத உடன்பிறந்தோர் 15 பேர் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். பாதிப்பைக் கூறியவர்களின் மூளைச் செயல்பாட்டில் குறைவு இருப்பதாகவும், அதை மனக்கவலையால் மட்டும் விளக்க முடியாது என்றும் ஆய்வாளர்கள் கூறினர். ஆய்வுக்கு உட்பட்டோர் இழப்பீடு கோரியவர்கள், மக்கள் தொகையிலிருந்து சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது எதிர்த்தரப்பின் விமர்சனம். 2002-இல் அதே இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வழங்கல் பகுதியில் இறப்பு விகிதம் கூடவில்லை என்று காட்டியது.

2001-இல் அரசு, உணவு முதலியவற்றில் உள்ள நச்சுப்பொருள்கள் பற்றி ஆலோசனை கூறும் அறிவியல் குழுவின் கீழ் ஒரு துணைக்குழுவை அமைத்தது. அதில் உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெற்றனர். 2005-இல் வரைவு அறிக்கையும் 2013-இல் இறுதி அறிக்கையும் வெளியாயின. மாசுபாடு நீடித்த அல்லது தாமதமான பாதிப்பை ஏற்படுத்தியிருக்க வாய்ப்புக் குறைவு என்பதே இந்தக் குழுவின் பொது முடிவு.

2012 மரண விசாரணை

மாசுபாடு நிகழ்ந்தபோது கேமல்ஃபோர்டு பகுதியில் வசித்த ஒரு பெண் 2004-இல் தமது 59-ஆம் வயதில் இறந்தார். அவருடைய மூளையின் இரத்தக் குழாய்களில் அமிலாய்டு எனும் புரதம் படியும் நோயின் அரிய வகை கடுமையாகக் காணப்பட்டது. மூளைத் திசுவில் அலுமினியத்தின் அளவும் இயல்பைவிட மிகுந்திருந்தது. இது 2006-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது.

2012 மார்ச் மாதம் மரண விசாரணை அதிகாரி தம் முடிவை அறிவித்தார். நீரில் கலந்த அலுமினியம் இந்த மரணத்துக்குப் பங்களித்திருக்க உண்மையான வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உண்மையை 16 நாட்கள் மக்களிடம் மறைத்ததன் மூலம் ஆணையம் 20,000 பேரின் உயிரை வைத்துச் சூதாடியது என்று அவர் கடுமையாகக் கண்டித்தார். ஓர் அதிகாரபூர்வ விசாரணையில் வந்த இந்தச் சொற்களே, நீரைக் குடித்த மக்கள் 24 ஆண்டுகளாகக் கேட்கக் காத்திருந்தவை.

2013-இல் பிரிட்டிஷ் அரசு, அன்று கடமையில் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரியது.

முடிவு எட்டப்படாத கேள்வி

கேமல்ஃபோர்டு மக்களில் சிலருக்கு ஏற்பட்ட நீடித்த நோய்களுக்கு அந்த நீர்தான் காரணமா என்ற கேள்விக்கு எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. இரு தரப்பும் முற்றிலும் வேறு உலகில் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அலுமினியம் பெருமளவில் நீரில் இருந்தது, அது சிலர் உடலில் புகுந்தது, உடனடி நோய்கள் ஏற்பட்டன என்பவை மறுக்கப்படவில்லை. மறுக்கப்படுவது ஒரு குறிப்பிட்ட மனிதரின் பிற்கால நோய்க்கும் அந்த நாட்களின் நீருக்கும் உள்ள தொடர்பு.

அத்தகைய தொடர்பை நிறுவ மூன்று செய்திகள் வேண்டும். ஒன்று, அவர் எவ்வளவு உட்கொண்டார். இரண்டு, அதற்கு முன் அவர் உடல்நிலை எப்படி இருந்தது. மூன்று, அதே வயதுடைய, அந்த நீரைக் குடிக்காத மக்களிடம் அந்நோய் எவ்வளவு காணப்படுகிறது. மூன்றாவதை எப்போது வேண்டுமானாலும் திரட்டலாம். முதல் இரண்டையும் நிகழ்வு நடந்த சில நாட்களுக்குள்தான் திரட்ட முடியும். நீர் எந்த வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு மாசுபட்டிருந்தது என்பது குழாயின் நீளத்தையும், அதன் உலோகத்தையும், வீட்டில் குழாயைத் திறந்த நேரத்தையும் பொறுத்தது. சில நாட்களில் குழாய்கள் கழுவப்பட்டன. அதோடு அந்தச் சான்றும் ஓடிப்போனது.

தீங்கு நேர்ந்ததற்குச் சான்று இல்லை என்பதும், தீங்கு நேரவில்லை என்பதற்குச் சான்று உண்டு என்பதும் ஒன்றல்ல. சான்று திரட்ட வேண்டிய பொறுப்பில் இருந்தவர்களே அதற்கான காலத்தைக் கடத்தியபோது, சான்று இல்லாமையின் பயன் அவர்களுக்கும் அதன் சுமை நீரைக் குடித்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கேமல்ஃபோர்டில் பல ஆண்டுகள் தணியாத கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது.

பின்விளைவுகள்

1989-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் மனிதர் குடிக்கத் தகாத நீரை வழங்குவதைத் தனிக் குற்றமாக்கியது. 1991-இல் வந்த நீர்த்தொழில் சட்டத்திலும் அது தொடர்ந்தது. நீர் நிறுவனங்களின் தரத்தைக் கண்காணிக்க, அவற்றிலிருந்து தனித்து இயங்கும் குடிநீர் ஆய்வகம் எனும் அரசு அமைப்பு 1990-இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்காக ஏற்படுத்தப்பட்டது. நீரின் தரத்தைப் பாதிக்கும் நிகழ்வுகளை நிறுவனங்கள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 1988-இல் நீரை வழங்கியதும், சோதித்ததும், பாதுகாப்பானது என்று சான்று கூறியதும் ஒரே அமைப்பு. வழங்குபவரிடமிருந்து தனித்த ஓர் அமைப்பின் கண்காணிப்பைக் கொண்டுவந்தது இம்மாற்றத்தின் சாரம்.

நிலையங்களில் பின்பற்ற வேண்டிய பாடங்கள் எளியவை. சரக்கை இறக்கும்போது நிலையப் பணியாளர் உடன் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் இணைப்புக்கும் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு வேண்டும். சுத்திகரிக்கப்பட்ட நீர் நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அதன் அமிலத்தன்மையைத் தொடர்ந்து அளந்து, அளவு மீறினால் ஓட்டத்தை நிறுத்தும் கருவி வேண்டும். இவை எவற்றுக்கும் புதிய அறிவியல் தேவையில்லை.

இன்னொரு பாடம் பொறியியலைச் சேர்ந்ததன்று. நீரில் என்ன கலந்தது என்று தெரிந்த நாளிலேயே, குடிக்க வேண்டாம் என்று ஊருக்குச் சொல்வது. இரண்டாம் நாளிலேயே அது சொல்லப்பட்டிருந்தால், அதன் பின் யாரும் அந்த நீரைத் தெரியாமல் குடித்திருக்க மாட்டார்கள். குடித்தவர்களுக்குத் தாங்கள் குடித்தது என்ன என்பதற்கான பதிவாவது மிஞ்சியிருக்கும்.